"படிச்சுட்டீங்களா மச்சான்?" – எங்கள் ஏரியா உரிமை போன கதை

1/
வழக்கமா இங்கே சுகர், பிரஷர், காய்ச்சல்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு ஒரு அக்ரிமென்ட் பற்றி எழுதப் போறேன். நீண்ட இழை. உங்கள் வீட்டில் யாராவது ஃபிராஞ்சைஸ் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

2/
2022 ஜனவரி. என் கிளினிக் சின்னமனூரில். கம்பத்திலிருந்து மாதா மாதம் வரும் ஒரு அம்மா, சுகர் ரிப்போர்ட்டை நீட்டினார். மேலே எங்கள் லேப் கம்பெனியின் லோகோ. கீழே சென்டர் கோட். அந்த நம்பர் எங்களுடையது இல்லை.
"எங்கம்மா ரத்தம் குடுத்தீங்க?"
"புதுசா ஒண்ணு திறந்திருக்காகள்ல சார், பஸ் ஸ்டாண்டு பக்கம். நம்ம லேபுதானே, அதான் போனேன்."

3/
நம்ம லேபுதான். ஆனால் நாங்கள் திறக்கவில்லை. உத்தமபாளையம், போடி, பெரியகுளம், தேனி, ஆண்டிபட்டி என்று தேனி மாவட்டத்தின் ஐந்து தாலுகாவுக்கும் அந்தக் கம்பெனியின் தனி உரிமை எங்களிடம் இருந்தது. இன்னொருவர் திறக்கவே முடியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4/
"எங்கள்" என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஃபிராஞ்சைஸ் என் பெயரில் இல்லை. என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுத்தது. நான் பேங்க் கடனுக்கு ஜாமீன். லேபிலிருந்து எனக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே தடை செய்கின்றன. "இது என் தங்கச்சி சென்டர், நீங்க எங்க வேணும்னாலும் எடுக்கலாம்" என்று நோயாளிகளிடம் சொல்லிவிடுவேன். அதனால்தான் அந்த அம்மாவும் தயங்காமல் சொன்னார்.

5/
கதை 2018-ல் ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளை அதுவரை ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தவர். விலை ஏறி இறங்கி ஓய்ந்துபோய், நிலையான தொழில் ஒன்று வேண்டும் என்றார். கலெக்‌ஷன் சென்டர் யோசனையைக் கொடுத்தது நான்தான். நம்ம பக்கம் தேவை இருந்தது. எடுத்த ரத்தத்தை உடனே மெஷினில் சுற்றிப் பிரிக்காமல் பஸ்ஸில் போட்டு மதுரைக்கு அனுப்பினால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அப்படி வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறிப் போன நாட்கள் எனக்கு உண்டு. ஊரிலேயே ஒழுங்கான சென்டர் இருந்தால் நல்லதுதானே?

6/
கம்பெனி சொன்னது இது. ஒரு சென்டர் எடுத்தால் ஒரு சென்டர்தான். ஐந்து சென்டர் திறக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, சென்டருக்கு ஒன்றரை லட்சம் வீதம் ஏழரை லட்சத்தை முன்பணமாகக் கட்டினால், மாவட்டம் முழுக்க உங்களுக்குத் தனி உரிமை. பெரிய அளவில் பார்க்கணும்னா மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் வந்ததும் இந்த மாதிரிதான்: மேற்கும் தெற்கும் ஒரு பார்ட்னருக்கு, வடக்கும் கிழக்கும் வேறு பார்ட்னருக்கு. ஏரியாவைப் பிரித்துக் கொடுத்து வளர்வது பழைய முறை.

7/
2018 ஜூன். மதுரையில் ஒரு ஹோட்டல் ஹாலில் கையெழுத்து. 46 பக்க அக்ரிமென்ட், முழுக்க ஆங்கிலம். முந்தின வாரமே எனக்கு அனுப்பியிருந்தார்கள். போகும்போது காரில் மாப்பிள்ளை கேட்டார்:
"மச்சான், படிச்சுட்டீங்களா?"
"படிச்சுட்டேன் மாப்ள. எல்லாம் சரியா இருக்கு."
நான் படித்தது ஆறு பக்கம். அதில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற வார்த்தை இருந்தது. அதோடு மூடி வைத்துவிட்டேன்.

8/
இப்போது முழுசாகப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த உரிமை மூன்றாம் பக்கத்தில் கொடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. எந்தத் தேதிக்குள் எத்தனை சென்டர் திறந்திருக்க வேண்டும் என்று. ஆறு மாதத்துக்கு ஒன்று. 2020 டிசம்பருக்குள் ஐந்தும். முப்பத்தோராம் பக்கத்தில்: ஒரு தேதி தவறினாலும் கம்பெனி 30 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்குள் சரிசெய்யவில்லை என்றால் தனி உரிமை முழுவதும் ரத்து. திறக்காத சென்டருக்குக் கட்டிய பணம் திரும்ப வராது.

9/
சொத்து பத்திரம் மாதிரி நினைத்தோம், வாங்கிவிட்டால் நமக்குத்தான் என்று. அது தவணை மாதிரி. ஒவ்வொரு ஆறு மாதமும் ஒரு சென்டர் கட்டினால்தான் உரிமை ஓடும்.
கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லணும். ஒருத்தர் மாவட்டத்தையே வளைத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கடையோடு உட்கார்ந்துவிட்டால் அவர்கள் வளர முடியாது. அட்டவணை தப்பே இல்லை. அதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டதுதான் தப்பு.

10/
ஆரம்பம் நன்றாகவே போனது. 2018 நவம்பரில் கம்பம். 2019 மே மாதம் சின்னமனூர். அந்த டிசம்பரில் போடி. மூன்றும் தேதிக்குள். கம்பம் சென்டருக்குத் தினமும் 55 பேர் வரை வந்தார்கள். குமுளிப் பக்கமிருந்துகூட வருவார்கள். நாலாவது பெரியகுளம். கடை பார்த்து, 2020 மார்ச் முதல் வாரம் அட்வான்ஸ் கொடுத்தோம்.
அடுத்து என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

11/
மார்ச் 25, லாக்டவுன். தச்சு வேலைக்கு ஆள் இல்லை, மெஷின் வரவில்லை. நான் காய்ச்சல் நோயாளிகளோடு காலையிலிருந்து ராத்திரி வரை. மாப்பிள்ளை ஏரியா மேனேஜருக்கு போன் போட்டார். "இப்ப யாரு சார் சென்டர் திறக்கப் போறாங்க? பாத்துக்கலாம் விடுங்க" என்றார் அவர். நல்ல மனுஷன்தான். நாங்களும் விட்டுவிட்டோம்.

12/
"கொரோனாவையே காரணமா சொல்லலாமே டாக்டர்?" என்று கேட்பீர்கள். சொல்லலாம். அக்ரிமென்ட்டில் அதற்கும் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளம், போர், தொற்றுநோய் என்று நம் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் கெடு நீளும். ஆனால் சம்பவம் தொடங்கிய 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.
ஏப்ரல் 8-க்குள் ஒரு இமெயில். நாலே வரி. நான் அனுப்பவில்லை. அப்படி ஒரு ஷரத்து இருப்பதே எனக்குத் தெரியாது.

13/
பிறகு நாங்கள் அதைச் சொன்னபோது கம்பெனி கொடுத்த பதில் இன்னும் வலித்தது. லாக்டவுனில் லேப்களுக்கு விலக்கு உண்டு, அத்தியாவசியச் சேவை, சட்டம் உங்களைத் தடுக்கவில்லை என்றார்கள். விலக்கு இருந்தது உண்மைதான். லேப் நடத்த விலக்கு. தச்சர் வந்து கவுன்டர் அடிக்க விலக்கு இருந்ததா? அதையெல்லாம் அன்றே எழுதிக் கொடுத்திருந்தால்தான் வாதம். இரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் சாக்கு.

14/
பெரியகுளம் சென்டரை 2021 பிப்ரவரியில் திறந்தோம். எட்டு மாதத் தாமதம். ஏரியா மேனேஜர் வந்து ரிப்பன் வெட்டினார், கேக் ஊட்டினார், போட்டோ எடுத்தார். தாமதத்தைக் கம்பெனி மன்னித்துவிட்டது என்று நினைத்தோம். ஏப்ரலில் இரண்டாம் அலை. ஐந்தாவது சென்டர் ஆண்டிபட்டியில் திறக்க வேண்டியது, பேச்சிலேயே நின்றது.

15/
2021 ஆகஸ்டில் 30 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது. செப்டம்பரில் ரத்துக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டும் இமெயிலில். யாருடைய இமெயில்? என்னுடையது. "இங்கிலீஷ் லெட்டர்லாம் மச்சானுக்கே வரட்டும்" என்று மாப்பிள்ளை கொடுத்திருந்த முகவரி. மருந்துக் கம்பெனி விளம்பரம், கான்ஃபரன்ஸ் அழைப்பு, அதுக்கு நடுவில் இந்த இரண்டும். திறக்கவே இல்லை.
அந்த அம்மா ரிப்போர்ட்டோடு வந்த அன்று ராத்திரிதான் தேடி எடுத்தேன். நாலு மாதப் பழசு.

16/
காலில் சின்னப் புண்ணோடு வருகிறவரிடம் "ஏன்யா முன்னாடியே வரலை?" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். வலிக்கலை சார், அதான் விட்டுட்டேன் என்பார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்தப் பதிலின் அர்த்தம் புரிந்தது.

17/
மறுவாரம் மதுரையில் ஒரு வக்கீலிடம் போனோம். வயதானவர். எங்களை உட்கார வைத்துக்கொண்டே 46 பக்கத்தையும் பென்சிலோடு படித்தார். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18/
அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.
அமெரிக்காவில் ஃபிராஞ்சைஸ் விற்பவர், கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே ஒரு விவர ஆவணம் கொடுக்க வேண்டும். ஏரியா உரிமை உண்டா, எந்த நிபந்தனையில் போகும் என்று அதில் தனிப் பகுதியே உண்டு. உரிமை இல்லை என்றால், உங்களுக்குப் போட்டி வரலாம் என்று எழுதியே தரணும். நம் நாட்டில் ஃபிராஞ்சைஸுக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. முக்கியமாக 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் போட்ட கையெழுத்தும்தான்.

19/
"அவங்க கேக் வெட்டினாங்களே சார்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.
தாமதமாகச் செய்ததை எதிர்ப்பு சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவில் இருக்கிறதாம். வாதம் உண்டு என்றார். ஆனால் அக்ரிமென்ட்டில் இன்னொரு ஷரத்து: ஒரு தடவை கண்டுகொள்ளாமல் விட்டதால் கம்பெனி தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. இன்னொன்று: வாய்ப்பேச்சு எதுவும் செல்லாது, எழுத்து மட்டுமே. அப்புறம், ஐந்தாவது சென்டர் திறக்கவே இல்லையே?
மேனேஜரின் "பாத்துக்கலாம்" அங்கேயே செத்துப்போச்சு.

20/
அதைவிட ஒன்று. எங்கள் தனி உரிமை போய்விட்டது. ஆனால் நாங்கள் வேறு லேபின் சாம்பிளை எடுக்கக் கூடாது என்ற தடை அப்படியே இருந்தது. அவர்கள் யாருக்கும் கொடுக்கலாம். நாங்கள் அவர்களுக்கு மட்டும்.
"இது நியாயமா சார்?" என்றேன். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்துக்கு இப்படித் தடை போடுவது பொதுவாகச் செல்லும் என்று, ஒரு குளிர்பான பாட்டில் கம்பெனி வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். கையெழுத்துக்கு முன்னாடி "அது போனா இதுவும் போகணும்" என்று ஒரு வரி கேட்டிருக்க வேண்டும் என்றார்.

21/
வழக்கு போடலாமா? தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன். இடம் வடக்கே ஒரு நகரம். அவசரத் தடை கேட்கவும் அங்கேதான் போகணும் என்றார். பறிபோன முன்பணம் ஒன்றரை லட்சம். அதைக் கேட்கப் போனால் ஃபீஸுக்கும் டிக்கெட்டுக்கும் அந்தப் பணமே போதாது. வக்கீல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சண்டைக்கு வேண்டாம், பேச்சுக்குப் போங்க. உங்ககிட்ட நாலு ஓடுற சென்டர் இருக்கு. அது அவங்களுக்கும் வேணும்" என்றார்.

22/
ஐந்து மாதம் பேசினோம், எல்லாம் எழுத்தில். கிடைத்தது இது: எங்கள் நாலு சென்டரையும் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இனிமேல் புதிதாக யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், மூன்று வருஷத்துக்கு. ஒன்றரை லட்சத்தைப் பிற்காலப் புதுப்பித்தல் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். கம்பத்தில் ஏற்கெனவே திறந்தது இருக்கும். மாவட்ட உரிமை திரும்ப வராது.
கம்பம் சென்டருக்கு வருபவர்கள் 55-லிருந்து 32 ஆனார்கள். கம்பம் வருமானத்தில்தான் சின்னமனூர் சென்டர் தள்ளாடி ஓடியது. 2023-ல் அதை மூடினோம். அங்கே ரத்தம் எடுத்த பொண்ணு இப்போது போடி சென்டருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

23/
சரி, உங்களுக்கு. இது சட்ட ஆலோசனை இல்லை, பட்டவன் சொல்வது. பல சென்டர் ஃபிராஞ்சைஸ், எந்தத் தொழிலாக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒன்று: உரிமை யாரைத் தடுக்கிறது? இன்னொரு ஃபிராஞ்சைஸியை மட்டுமா, கம்பெனி தானே திறப்பதையும் சேர்த்தா? 'எக்ஸ்க்ளூசிவ்' என்றால் பொதுவாக இரண்டும். 'சோல்' என்றால் கம்பெனி திறக்கலாம்.

இரண்டு: எந்த வழியெல்லாம் விலக்கு? எங்கள் அக்ரிமென்ட்டில் ஆப் மூலம் வீட்டுக்கு வந்து எடுப்பது உரிமைக்குள் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. ஹோட்டல் தொழிலில் இருப்பவர்கள் ஆன்லைன் டெலிவரியைப் பற்றி இதையே கேளுங்கள்.

24/
மூன்று: ஏரியா எல்லை எப்படி எழுதப்பட்டிருக்கிறது? வெறும் மாவட்டப் பெயரா? 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. அந்த மாதிரி நடந்தால் உங்கள் உரிமை எந்தப் பக்கம்? வரைபடமோ பின்கோடு பட்டியலோ இணைக்கச் சொல்லுங்கள்.

நாலு: ஒரு கெடு தவறினால் என்ன போகும்? திறக்காத இடத்துக்கான உரிமை மட்டும் போகும்படி கேளுங்கள். எல்லாமும் போகும் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஓடும் சென்டர்களின் ஒப்பந்தமும் சேர்ந்து ரத்தாகுமா என்றும் பாருங்கள்.

ஐந்து: சரிசெய்ய எத்தனை நாள்? ஒரு சென்டர் கட்ட நாலு மாதம் ஆகும் தொழிலில் 30 நாள் என்பது பெயருக்குத்தான்.

ஆறு: கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கினால்? அந்தப் பெயரில் உங்கள் எதிர்க்கடையிலேயே திறக்கலாமா?

ஏழு: நோட்டீஸ் யாருக்கு, எந்த வழியில் வரும்? தகராறு எந்த ஊரில்? இமெயிலோடு பதிவுத் தபாலும் வேண்டும் என்று கேளுங்கள். அந்த இமெயிலைத் தினமும் பார்க்கிற ஆளைப் போடுங்கள். என்னை மாதிரி ஆளைப் போடாதீர்கள்.

25/
கெடு தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி, கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள். தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே இமெயில் போட்டு, நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். யாராவது போனில் "பாத்துக்கலாம்" என்றால், போனை வைத்ததும் "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து ரெண்டு வரி அனுப்பிவிடுங்கள். நல்ல மனுஷர்கள் வேலை மாறிப் போய்விடுவார்கள். எங்கள் மேனேஜரும் போய்விட்டார்.
முக்கியமாக, வக்கீல் ஃபீஸுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு சென்டருக்கும் சேர்த்து 40 லட்சம் போட்டோம். 46 பக்கம் படிக்க ஒருத்தருக்கு ஃபீஸ் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. நான் இருக்கிறேனே என்று நினைத்துவிட்டேன்.

26/
கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.
வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் காரை ஓரம் கட்டினேன். "மாப்ள, அன்னைக்கு நான் முழுசா படிக்கலை. படிச்சேன்னு பொய் சொன்னேன்."
அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியும் மச்சான். கையெழுத்துப் போடுறப்பவே தெரியும். அவங்க ஒரு பக்கத்தைக் காட்டி ஏதோ கேட்டாங்க, நீங்க முழிச்சீங்க. படிச்ச மனுஷன், அவருக்கே தோணலைன்னா பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனைச்சேன்."
கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

27/
தங்கச்சி நகையில் வளையல் திரும்பி வந்துவிட்டது. ஆரம் இன்னும் பேங்க்கில். அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவள் கழுத்தைப் பார்க்காமல் இருக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். மாதத் தவணையில் பாதியை இப்போது நான் கட்டுகிறேன். அது உதவி இல்லை, என் பங்கு.

28/
இந்த இருபது வருஷத்தில் எத்தனை சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பேன். "படிச்சுட்டீங்களா?" என்பேன். "படிச்சாச்சு சார்" என்பார்கள். நானும் நம்புவது போல வாங்கி வைத்துக்கொள்வேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. "இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க" என்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசுகிறோம். ஐந்து நிமிஷம் கூட ஆகிறது, ஆகட்டும்.

உங்களை நம்பி யாராவது ஒரு பேப்பரை நீட்டி "படிச்சுட்டீங்களா?" என்று கேட்டால், படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்றே சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

நாளைக்கு வழக்கம்போல சுகர் பற்றிப் பேசுவோம்.